சூரிக் விமான நிலையத்திலிருந்து டாவோஸ்: ஸ்கீப் பையோடு ஒரு ரயில் நாள்

நான் பிடிக்க வேண்டிய ரயில் என் கண் முன்னாலேயே கிளம்பிப் போனது. சூரிக் விமான நிலையத்தின் அடியில், நிலத்துக்குக் கீழே இருக்கும் ரயில் நிலையம். தள்ளுவண்டியில் ஸ்கீ என்கிற பனிச்சறுக்குப் பலகைகளை வைத்த, என்னைவிட நீளமான ஸ்கீப் பை, முதுகில் பூட்ஸ் மூட்டை. நடைமேடைக் கடிகாரத்தின் சிவப்பு விநாடி முள் பன்னிரண்டுக்கு வந்து கொஞ்சம் நின்றது. பெரிய முள் ஒரு கட்டம் தாவியது. அதற்குள் கதவுகள் மூடியிருந்தன.

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து வந்துகொண்டிருந்த என் தோழி மீனாவோடு வழியில் சார்கன்ஸ் நிலையத்தில் சேர்ந்துகொள்வதாகத் திட்டம். அவளுக்குச் செய்தி அனுப்பினேன்: "ரயில் போயிடுச்சுடி. சார்கன்ஸ்ல சேர்ந்து ஏற முடியாது போல." அரை நிமிடத்தில் பதில் வந்தது. "அதனால என்ன? அடுத்ததுல வா. நான் இறங்கி நிக்கிறேன். எந்தப் பெட்டின்னு மட்டும் சொல்லு."

இந்த விமர்சனத்தை எழுத வைத்தது அந்தப் பதில்தான். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக ஓரிடத்தில் நின்று ஆறு வருடம் ஆகிவிட்டது. சுபா டொரன்டோவிலிருந்து முந்தின நாளே, நாங்கள் ஸ்கீ செய்யப்போகும் சுவிஸ் மலையூரான டாவோஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். மீனாவுக்கு இன்ஸ்ப்ரூக்கில் வேலை. நான் லண்டன். ஐந்து நாள் விடுப்பு எடுத்திருந்தோம். அதில் ஒன்று வழியிலேயே கரைந்துபோகுமோ என்பதுதான் எனக்கு இருந்த ஒரே கவலை. அதனால் இங்கே பனிச்சரிவுகளைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. எழுதப்போவது போய்ச் சேர்ந்த நாளைப் பற்றி, குறிப்பாக அந்த நாளைத் தாங்கிப் பிடித்த ரயில்களைப் பற்றி. விமான நிலையத்திலிருந்து சூரிக் பெரிய நிலையம், அங்கிருந்து லாண்ட்குவார்ட், அங்கிருந்து டாவோஸ். முதல் இரண்டும் எஸ்.பி.பி. என்கிற சுவிஸ் கூட்டாட்சி ரயில்வே. கடைசித் துண்டு ரேட்டியன் ரயில்வே.

முதலில் சாமான் கதை. நான் முப்பத்தாறு வயதில் ஸ்கீ கற்றுக்கொண்டவள். லண்டனுக்கு வெளியே ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் என்ற ஊரில் கூரைக்கு அடியில் பனி நிரப்பிவைத்திருக்கும் சரிவில்தான் என் முதல் இரண்டு குளிர்காலமும் போனது. அங்கே சொல்லித்தந்தவர் முதல் வாரமே மனதில் பதியவைத்த விஷயம் ஒன்று: ஸ்கீயை வாடகைக்கு எடுக்கலாம், பூட்ஸை முடிந்தவரை எடுக்காதே. ஸ்கீ இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடக் குறைய இருந்தாலும் பழகிவிடும். பூட்ஸ் அப்படியில்லை. முன்கால் எலும்பு பூட்ஸின் நாக்கில் சரியாக அழுந்தினால்தான் நாம் நினைத்த இடத்தில் ஸ்கீ திரும்பும். குதிகால் உள்ளே அரை விரல் அளவு தூக்கினாலும் பிடி போய்விடும். என் பூட்ஸின் உள்ளுறையைச் சூடாக்கி என் காலின் வடிவத்துக்கு வார்த்து வாங்கியிருக்கிறேன். அதனால் பூட்ஸ், தலைக்கவசம், பனிக்கண்ணாடி, ஒரு மாற்றுத் துணி, இவை நான்கும் முதுகுப் பையில் என்னோடு விமானத்துக்குள் வந்துவிடும். ஸ்கீயும் கோலும் மட்டும் கீழே சரக்கறைக்குப் போகும். கோலை உள்ளே எடுத்துவர விடவும் மாட்டார்கள்.

லண்டனில் அன்று காலை விமானத்தின் இறக்கையெல்லாம் உறைபனி. தெளிப்பு வண்டிகள் ஒவ்வொரு விமானமாக வந்தன. முதலில் சூடான ஆரஞ்சு நிறத் திரவம், படிந்த பனியை உருக்க. பிறகு கெட்டியான பச்சைத் திரவம், மறுபடி படியாமல் தடுக்க. அந்தப் பச்சைப் பூச்சு தாங்குவதற்கு ஒரு காலக்கெடு உண்டு. அதற்குள் ஓடுபாதையை விட்டு எழும்பாவிட்டால் திரும்ப முதலிலிருந்து. எங்கள் முறை வர எழுபது நிமிடம் ஆயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த மனிதர் இறக்கையை நுனி வரை கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரப்படாமல் செய்தார். அவர் அவசரப்படாததில் எனக்குச் சந்தோஷம்தான்.

சூரிக்கில் இறங்கியது தள்ளி இருக்கும் இ முனையத்தில். அங்கிருந்து பிரதான கட்டடத்துக்கு வர நிலத்தடியில் ஸ்கைமெட்ரோ என்று ஒரு குட்டி வண்டி ஓடுகிறது. சக்கரம் கிடையாது, காற்று மெத்தையில் மிதந்து நிற்க, கம்பிவடம் இழுத்துக்கொண்டு போகிறது. 2003-லிருந்து ஓடுகிறது. வண்டி நகரும்போது மாட்டு மணியோசையும் பசு கத்துவதும் மலைக்கொம்பு ஊதுவதும் கேட்கும். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை மணிச்சத்தம் வந்ததும் சுற்றிச் சுற்றிப் பசுவைத் தேடியது. காலையிலிருந்து இறுகிக் கிடந்த என் தோள் முதன்முதலாக இளகியது அங்கேதான்.

அதன்பின் சாமான் எடுக்கும் இடம். புதிதாக ஸ்கீயோடு பறப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நீளமான சாமான் சுற்றும் பட்டையில் வராது. அதற்கென்று தனிக் கதவு இருக்கும். பலகையில் ஷ்பெர்கெபெக் என்று ஜெர்மனில் எழுதியிருக்கும். மற்றவர்கள் பெட்டியோடு போய்ச் சேர்ந்த பிறகும் நாம் அங்கே நிற்க வேண்டியிருக்கும். நான் நின்றேன். பை வந்தது. மேல் பக்கத்துக் கொக்கி உடைந்து வார் தொங்கிக்கொண்டிருந்தது. பறந்து வந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, சின்ன விஷயம். ஆனால் எது சின்னது எது பெரியது என்று அங்கேயே முடிவெடுக்காதீர்கள். படம் எடுத்து, முகப்பில் சொல்லி, எழுத்தில் ஒரு பதிவு எண் வாங்கிவிட்டேன். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதமடைந்த சாமானுக்கு 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்த சாமானுக்கு அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாள். மலையிலிருந்து இறங்கி ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த 7 நாள் மலையிலேயே முடிந்துபோகும். ஆக, திட்டமிட்ட ரயில் ஒரு நிமிட இடைவெளியில் கைநழுவியதற்குக் காரணம் பனியும் கொக்கியும்.

இனி ரயில்.

சூரிக் விமான நிலையத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, ரயிலுக்காகக் கட்டடத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை என்பது. நிலையம் 1980-லேயே திறந்துவிட்டார்கள். தள்ளுவண்டியை நகரும் படிக்கட்டில் ஏற்றி இறக்கும்படி செய்திருக்கிறார்கள். அதன் அடிப்பாகம் படியைக் கவ்விக்கொள்கிறது. பதினான்கு கிலோ ஸ்கீப் பையை ஒரு முறைகூடத் தூக்காமல் நடைமேடை விளிம்பு வரை கொண்டுபோனேன். பயணச்சீட்டைக் காட்டித் திறக்கும் தடுப்புக் கதவு எதுவும் இல்லை. ஓடும் ரயிலில்தான் சோதிப்பார்கள். நீளப் பையோடு வருகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது குறுகலான தடுப்புக் கதவில் ஒரு முறை சிக்கியவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கடிகாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த ரயில் வரும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹான்ஸ் ஹில்ஃபிகர் என்ற ரயில்வே பொறியாளர் 1944-ல் வடிவமைத்தது. சிவப்பு விநாடி முள் பின்னால் 1953-ல் சேர்ந்தது. ரயிலை வழியனுப்பும் அலுவலர் கையில் பிடிக்கும் வட்டச் சைகைப் பலகையின் உருவம் அதற்கு. அந்த முள் ஒரு சுற்றை அறுபது விநாடியில் முடிப்பதில்லை. சுமார் 58.5 விநாடியில் மேலே வந்துவிட்டு, மையக் கடிகாரத்திலிருந்து நிமிடத் துடிப்பு வரும்வரை காத்து நிற்கிறது. துடிப்பு வந்ததும் எல்லா நிலையத்திலும் நிமிட முள் ஒன்றாகத் தாவும். எனக்கு முன்னால் கதவு மூடிய அந்தக் கணத்தில் மீனா இறங்கப்போகும் சார்கன்ஸிலும் அதே முள் தாவியிருக்கும் என்று நினைத்தபோது, ரயிலை விட்ட வருத்தம் பாதி குறைந்தது.

சரி, ரயிலை விட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்பதுதான் இந்தச் சேவையின் மையம். சுவிட்சர்லாந்தில் 1982 மே மாதத்திலிருந்து நாடு முழுக்க ஒரே தாளத்தில் கால அட்டவணை போடுகிறார்கள். ஒரு நிலையத்திலிருந்து ஒரு மணிக்கு எத்தனையாவது நிமிடத்தில் ரயில் கிளம்புகிறதோ, அடுத்த மணியிலும் அதே நிமிடம். பெரிய சந்திப்புகளில் மணி அடிப்பதற்குச் சற்று முன் எல்லாத் திசை ரயில்களும் வந்து சேரும். மணி அடித்துச் சற்று நேரத்தில் எல்லாம் பிரிந்து போகும். பூக்கட்டும்போது விழும் முடிச்சு மாதிரி. இதற்காக ரயிலை எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக ஓட்டுவதில்லை. அடுத்த முடிச்சுக்குப் போய்ச் சேர எவ்வளவு வேகம் வேண்டுமோ அவ்வளவுதான். 1987-ல் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் வாங்கி, 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பான் 2000 திட்டம் முழுவதும் இந்த எண்ணத்தின் மேல் கட்டியதுதான். சூரிக்குக்கும் பெர்னுக்கும் இடையே புதிய பாதை போட்டதே பயணத்தை ஒரு மணிக்குக் கீழே கொண்டுவந்து இரண்டு முடிச்சையும் இணைக்கத்தான்.

பயணிக்கு இதன் அர்த்தம் எளிமையானது. அட்டவணையைத் திறந்து பார்க்காமலேயே அடுத்த ரயில் எப்போது என்று மீனாவுக்குத் தெரியும். அதனால்தான் அவள் அரை நிமிடத்தில் பதில் எழுதினாள்.

ஆனால் இதெல்லாம் கைகொடுக்க வேண்டுமென்றால் சரியான பயணச்சீட்டு வாங்கியிருக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். எஸ்.பி.பி. செயலியில் மலிவாக ஒரு சீட்டு தெரியும்; அது குறிப்பிட்ட ஒரே ரயிலுக்கு மட்டும் செல்லும். சாதாரணச் சீட்டு அன்றைக்கு அந்த வழியில் எந்த ரயிலுக்கும் செல்லும். இருக்கை பதிவும் தேவையில்லை. விமானத்தில் வந்து இறங்கும் நாளில் தயவுசெய்து மலிவுச் சீட்டு வாங்காதீர்கள். திரும்பும் நாளில் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு விடுதியிலிருந்து எப்போது கிளம்புவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. சாதாரணக் கட்டணம் அதிகம்தான், அதை மறைக்க மாட்டேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு மாதம் செல்லுபடியாகும் அரைக் கட்டண அட்டை உண்டு. ரயில், பேருந்து, படகு எல்லாவற்றிலும் பாதி விலை. போகவர டாவோஸ் பயணத்தோடு வேறு எங்காவது ஓரிரண்டு இடம் போவதாக இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்கு அது லாபமாக இருந்தது. ஸ்கீக்குத் தனிக் கட்டணம் கேட்பதில்லை, அது கைச்சாமான் கணக்கு.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். அடிக்கடி ரயில் இருக்கிறது. தள்ளுவண்டியை நடைமேடையிலேயே விட்டுவிட்டு ஏறினேன். சூரிக் பெரிய நிலையத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அங்கே ரயில்கள் மேலேயும் நிற்கும், நிலத்தடியில் இரண்டு வெவ்வேறு பகுதிகளிலும் நிற்கும். நான் வந்த ரயில் 2014-ல் திறந்த நிலத்தடி நடைமேடைகளில் ஒன்றில் நின்றது. நான் அடுத்து ஏற வேண்டியது, லாண்ட்குவார்ட் வழியாகக் கூர் என்ற நகருக்குப் போகும் ரயில்; அது மேலே, பழைய மண்டபத்தில். கைப்பெட்டிக்காரர்கள் நாலு நிமிடத்தில் ஓடிவிடுவார்கள். ஸ்கீப் பை வைத்திருப்பவர்கள் மின்தூக்கியைத் தேட வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள். எனக்கு ரயிலை விட்டதால் நேரம் தாராளமாக இருந்தது. நிதானமாக ஏறி, ஒரு ரொட்டியும் வாங்கிக்கொண்டேன்.

நடைமேடையில் ஏ, பி, சி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும். எந்த வகுப்புப் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே வந்து நிற்கும் என்பதை மின்பலகை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. கையில் பெரிய பையோடு ரயிலின் நீளத்துக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லை. மீனாவிடம் பெட்டி எண்ணைச் சொல்லிவிட்டு, முதுகோடு முதுகாக இருக்கும் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் பையைச் சாய்த்தேன். உடைந்த கொக்கியின் வாரை இருக்கைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். கட்டாமல் விட்டால் ஒவ்வொரு வளைவிலும் பை நடைபாதைக்கு வந்துவிடும்.

இடது பக்கம் உட்காருங்கள். இந்த விமர்சனத்தில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். சூரிக்கை விட்டதும் இடப்பக்கம் சூரிக் ஏரி நெடுநேரம் கூடவே வரும். அது முடிந்து கொஞ்ச நேரத்தில் வாலன் ஏரி. ஏரி மட்டம் கடலிலிருந்து 419 மீட்டர். அதன் அக்கரையிலிருந்து செங்குத்தாக எழும் கூர்ஃபிர்ஸ்டன் தொடரின் உச்சி 2306 மீட்டர். நடுவில் சரிவு, காடு, வயல் என்று எதுவும் மெதுவாக ஏறிப் போவதில்லை, தண்ணீரிலிருந்து நேராகப் பாறை. ரயில் குகைக்குள் போய்ப் போய் வெளியே வரும். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் மலை இன்னும் கொஞ்சம் நெருங்கியிருக்கும். அன்று ஏரி கறுத்த பச்சையாக இருந்தது. மேலே பாறைப் படிகளில் மட்டும் கோடுகோடாகப் பனி. கையிலிருந்த ரொட்டியைக் கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் சார்கன்ஸ். ஆஸ்திரியாவிலிருந்து ஆர்ல்பெர்க் மலைப்பாதை வழியாக வரும் ரயிலும் சூரிக்கிலிருந்து கூர் போகும் ரயிலும் தொட்டுக்கொள்ளும் நிலையம். ரயில் வேகம் குறையக் குறைய ஜன்னலில் கன்னத்தை ஒட்டிவைத்துப் பார்த்தேன். சொன்ன எழுத்துப் பலகைக்குக் கீழே, சொன்ன இடத்தில், இரண்டு கையிலும் காகிதக் கோப்பையோடு மீனா நின்றிருந்தாள். கதவு திறந்ததும் கோப்பைகளை என்னிடம் நீட்டிவிட்டுத் தன் பையை உள்ளே இழுத்தாள்.

"எவ்ளோ நேரமாடி நிக்கிறே?"

"ஒரு மணி நேரம்கூட ஆகலை. உனக்குத்தான் சர்க்கரை போடாதது. ஆறிப்போயிருக்கும், குடி."

ஆறித்தான் போயிருந்தது. ஆறு வருடம் கழித்துப் பார்க்கிற ஒருத்தியைப் பெரிய நகரத்தின் கூட்டத்தில் தேடி, தொலைபேசியில் மாறி மாறிக் கத்தி, கடைசியில் ஏதோ ஒரு தூணுக்குப் பின்னால் கண்டுபிடிப்பதுதான் எனக்குப் பழக்கம். இங்கே ரயில் ஓரிரு நிமிடம்தான் நின்றது. அவள் ஏறி உட்கார அது போதுமாயிருந்தது.

லாண்ட்குவார்ட் அங்கிருந்து பக்கம். இந்த மாற்றம்தான் வழியிலேயே இறுக்கமானது. ஐந்தாறு நிமிடம்தான் கிடைக்கும். பயப்பட வேண்டாம். நிலையம் சின்னது, கூட்டத்தில் பாதிப் பேர் கையில் ஸ்கீ வைத்திருப்பார்கள், அவர்கள் பின்னாலேயே போனால் போதும். ஆனால் லாண்ட்குவார்ட் வருவதற்கு முன்பே பையை அவிழ்த்துக் கதவருகே கொண்டுபோய்விடுங்கள். நாங்கள் சார்கன்ஸில் பேச ஆரம்பித்த பேச்சில் இதை மறந்திருப்போம்; மீனாதான் எழுந்து வாரை அவிழ்த்தாள்.

அங்கே சிவப்பு ரயில் காத்திருந்தது. ரேட்டியன் ரயில்வேயின் தண்டவாளம் ஒரு மீட்டர் அகலம்தான். நாம் வந்த பெரிய ரயிலுக்கு 1435 மில்லிமீட்டர். குறுகிய பாதையாக இருப்பதால்தான் மலை மடிப்புகளுக்குள் இறுக்கமாக வளைந்து போக முடிகிறது. இந்தப் பாதைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார், வில்லெம் யான் ஹோல்ஸ்போர். ஹாலந்துக்காரர், கப்பல் தலைவராக இருந்தவர். காசநோயில் விழுந்த மனைவியை மலைக்காற்று குணப்படுத்தும் என்று டாவோஸுக்கு அழைத்து வந்தார். மனைவி பிழைக்கவில்லை. அவர் அந்த ஊரிலேயே தங்கி, ரயில் இல்லாத அந்தப் பள்ளத்தாக்குக்கு ரயில் கொண்டுவரப் பாடுபட்டார். 1889-ல் பாதை க்ளோஸ்டர்ஸ் வரை வந்தது, 1890-ல் டாவோஸ். நோயாளிகளுக்காக வந்த பாதையில்தான் இன்றைக்கு நாங்கள் தலைக்கவசம் மாட்டிய பையோடு போகிறோம் என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பல்சக்கரம் எதுவும் இல்லாமல், வெறும் சக்கரமும் தண்டவாளமும் பிடித்துக்கொள்ளும் பிடியிலேயே ரயில் ஏறுகிறது. சில இடங்களில் ஆயிரம் மீட்டர் ஓட்டத்துக்கு 45 மீட்டர் ஏற்றம். மேசையில் வைத்திருந்த காலிக் கோப்பை தானாக என் பக்கம் நகர்ந்து வந்தபோதுதான் எவ்வளவு செங்குத்து என்று புரிந்தது. கீழே பச்சைப் புல்வெளி தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் வேலிக்கம்பங்களின் அடியில் மட்டும் பனி. பிறகு கூரைகளில். க்யூப்லிஸ் நிலையத்தில் நனைந்த கால்சட்டையோடு நாலைந்து பேர் ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார்கள். மேலே வைஸ்ஃப்ளூகிப்ஃபல் உச்சி 2844 மீட்டர். அங்கிருந்து பனி போதுமான அளவு இருக்கும் நாட்களில் ஏறக்குறைய 2000 மீட்டர் இறக்கமாக க்யூப்லிஸ் வரை சறுக்கி வரலாம். கீழே வந்ததும் இதே ரயிலில் ஏறித் திரும்பிவிடுவார்கள். அவர்களில் ஒரு பெரியவருக்கு எழுபது வயதுக்குக் குறையாது. ஏறியதும் கையுறையைக் கழற்றி ஜன்னல் ஓரத்துச் சூட்டில் காயவைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "நமக்கும் அந்த வயசுல இது நடக்கணும்" என்றாள் மீனா. நான் தலையாட்டினேன்.

க்ளோஸ்டர்ஸ் தாண்டியதும் காடு. மரங்கள் கிளை கிளையாகப் பனி சுமந்து நின்றன. 1600 மீட்டருக்கு மேல் வுல்ஃப்காங் கணவாயைத் தொட்டுவிட்டு ரயில் இறங்க ஆரம்பிக்கும். வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே வெள்ளை. டாவோஸில் இரண்டு நிலையம் இருக்கிறது, எங்கே இறங்குவது என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பார்சென் சறுக்குச் சரிவுகளின் பக்கம் தங்குகிறவர்களுக்கு டார்ஃப். யாகோப்ஸ்ஹார்ன் மலைப் பக்கம் தங்குகிறவர்களுக்கு ப்ளாட்ஸ். எங்கள் அறை ப்ளாட்ஸில்.

குறை என்று சொல்வதாக இருந்தால் மூன்று. ஒன்று, ஏற்கெனவே சொன்ன கட்டணம். இரண்டு, இரண்டு இடத்தில் மாற வேண்டும். சின்னக் குழந்தைகளும் நாலு ஜோடி ஸ்கீயுமாக வருகிற குடும்பத்துக்கு அது கஷ்டம். அவர்கள் பெட்டிகளை மட்டும் ரயில்வே மூலம் முன்னால் அனுப்பிவிட்டு வெறுங்கையோடு வருவது நல்லது. அந்தச் சேவை இருக்கிறது, நாள் கணக்கை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று, சனிக்கிழமை. விடுதிகளில் ஆள் மாறும் நாள் அது, ரயிலில் நிற்கக்கூட இடம் தேட வேண்டியிருக்கும். நாங்கள் வியாழக்கிழமை போனோம். காரில் வந்தால் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பார்கள். வறண்ட சாலையில், நெரிசல் இல்லாத நாளில் அது உண்மை. பனி கொட்டும் நாளில், மலைச்சாலை பழக்கமில்லாத கையோடு, விமானத்திலிருந்து இறங்கிய களைப்பில் நான் ஓட்ட மாட்டேன். ரயிலுக்கு விமான நிலையத்திலிருந்து இரண்டே முக்கால் மணி நேரம் பிடித்தது, அதில் நான் விட்ட ரயிலின் காத்திருப்பைச் சேர்க்கவில்லை. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை, கட்டணத்துக்காக.

டாவோஸ் ப்ளாட்ஸில் கதவு திறந்ததும் குளிர் முகத்தில் வந்து ஒட்டியது. சுபா நடைமேடையில் நின்றிருந்தாள். கையில் ஒரு கயிறு; கயிற்றின் மறுமுனையில் மரச் சறுக்குவண்டி. டாவோஸ் வண்டி என்று இந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்படுவது. 1883-ல் இங்கிருந்து க்ளோஸ்டர்ஸ் வரை சறுக்குவண்டிப் பந்தயம் நடத்திய ஊர் இது. விடுதிக்காரரிடம் கேட்டு வாங்கி வந்தாளாம்.

"ரெண்டு பேரும் சாமானை இதுல போடுங்கடி. தெருவெல்லாம் பனி, சக்கரம் உருளாது."

மீனாவின் பை கீழே, என் ஸ்கீப் பை மேலே. கொக்கி உடைந்த வாரால் இரண்டையும் சேர்த்துக் கட்டினோம். மூன்று பேரும் கயிற்றை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டு போனோம். என் பை வண்டியைவிட நீளம் என்பதால், அதன் வால் பின்னால் பனியில் கோடு போட்டுக்கொண்டே வந்தது.